பிராக் போறீங்களா? அப்போ முதல்ல அலாரம் வைங்க

செக் நாட்டுத் தலைநகரம் பிராக் போயிட்டு வந்தவங்க யாரைக் கேட்டாலும் ரெண்டு விஷயம் சொல்லுவாங்க, ஊரு சும்மா அப்படி இருக்கு, ஆனா கூட்டம் தாங்கல. ரெண்டுமே உண்மைதான். ஆனா அந்தக் கூட்டம் நாள் முழுக்க இருக்கறதில்ல, காலைல பத்து மணிவாக்குல டூர் குரூப்புங்க குடையும் கொடியும் தூக்கிக்கிட்டு இறங்கும், சாயங்காலம் ஆறு ஏழு மணி வரைக்கும் கடிகாரம், பாலம், கோட்டைன்னு ஒரே கோட்டுல போயிட்டு வந்துட்டு இருக்கும், அதுக்கு ரெண்டு தெரு தள்ளிப் போனா ஆளே இருக்காது. அதனால இந்த ஊர்ல எங்க போறதுங்கறதை விட எப்போ போறதுங்கறதுதான் பிளானே. நானு, என் மனைவி, அப்பா, மச்சான்னு நாலு பேரு செப்டம்பர்ல அஞ்சு நாள் இருந்தோம். முதல் நாள் எல்லாத்தையும் தப்பான நேரத்துல பார்த்து நொந்துட்டு, மறுநாள்ல இருந்துதான் திருந்தினோம். நீங்க முதல் நாளே திருந்திக்கலாம்னுதான் இதை எழுதறேன்.

விசா பத்தி சுருக்கமா. செக் நாடு ஷெங்கன்ல, அதாவது ஒரே விசாவுல சுத்த விடற ஐரோப்பிய நாடுங்க கூட்டத்துல இருக்கு, அதனால ஷெங்கன் விசாதான், பெரியவங்களுக்கு 90 யூரோ. பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ண விடுவாங்க, குறைஞ்சது 15 நாளாவது இருக்கணும், ஆனா கோடை சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரும்பாடு, மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. 30,000 யூரோவுக்குக் குறையாம மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். வியன்னா, புடாபெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரே ட்ரிப்பா போறவங்க எந்த நாட்டுல அதிக நாள் தங்கறாங்களோ அந்த நாட்டுக்கிட்டதான் அப்ளை பண்ணணும், சும்மா எங்க ஸ்லாட் காலியா இருக்கோ அங்க போட்டுட்டு அப்புறம் மாட்டிக்காதீங்க.

மே மாசமும் செப்டம்பரும் நல்ல மாசம். டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சந்தை அழகா இருக்கும்தான், ஆனா நாலு மணிக்கே இருட்டிடும், குளிர் பூஜ்யத்துக்கிட்ட இருக்கும், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா பாவம். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

ஏர்போர்ட்ல இறங்குனதும் டாக்ஸி தேடாதீங்க. 59-ம் நம்பர் டிராலிபஸ் வாசல்லயே நிக்கும், அது மெட்ரோ பச்சை லைன்ல கொண்டு விடும், ஒரே 90 நிமிஷ டிக்கெட்ல பஸ், மெட்ரோ, டிராம் எல்லாம் மாறி மாறி ஏறி ரூமுக்கே போயிடலாம். அதுக்கப்புறம் தங்கற நாளைப் பொறுத்து 24 மணி நேர டிக்கெட்டோ 72 மணி நேர டிக்கெட்டோ வாங்கிடுங்க. ஒரு விஷயம், பேப்பர் டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது, மஞ்சள் கலர்ல ஒரு சின்ன மெஷின் இருக்கும், முதல் தடவை ஏறும்போது அதுல சொருகி முத்திரை குத்தணும், குத்தலைன்னா டிக்கெட் கையில இருந்தாலும் செல்லாது, ஃபைன்தான். செக்கர் யூனிஃபார்ம்ல வரமாட்டாரு, பக்கத்துல சாதாரணமா நின்னுட்டு இருந்த ஆளு திடீர்னு பேட்ஜை எடுத்துக் காட்டுவாரு. மெட்ரோவுல நாமியெஸ்தி மீரு ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர் 87 மீட்டர் நீளம், ஐரோப்பிய யூனியன்லயே அதுதான் நீளமானதுன்னு சொல்றாங்க. அப்பா அதுல ஏறி நின்னு கீழ பார்த்துட்டு கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு, நம்ம ஊர் மால் எஸ்கலேட்டரை விட வேகமாவும் போகும், அதனால பெரியவங்களை முன்னாடி விட்டுட்டு நீங்க ஒரு படி பின்னாடி நில்லுங்க.

இப்போ காசு. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. யூரோப் தானேன்னு யூரோ மாத்திக்கிட்டு போவாங்க, ஆனா அங்க செக் கொரூனாதான். ஒரு யூரோவுக்கு 25 கொரூனாகிட்ட வரும், அதை மனசுல வச்சுக்குங்க. பெரும்பாலும் எல்லா இடத்துலயும் கார்டு செல்லும், ஆனா கட்டணக் கழிப்பறை, சின்ன மதுக்கடைன்னு சில இடத்துக்குச் சில்லறை வேணும். எங்க மச்சான் முதல் நாளே பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்துல ஒரு எக்ஸ்சேஞ்ச் கடையில 'கமிஷன் 0%'னு பெருசா போட்டிருந்ததைப் பார்த்துட்டு நேரா உள்ள போயி 200 யூரோவை நீட்டிட்டாரு. வெளிய வந்து எண்ணிப் பார்த்தா 3,400 கொரூனா. அதாவது யூரோவுக்கு 17. கமிஷன் இல்லதான், ரேட்லயே உருவிட்டான். போர்டுல பெருசா எழுதியிருந்த நல்ல ரேட்டு அவங்க நம்மகிட்ட விக்கிற ரேட்டு, வாங்கற ரேட்டு கீழ பொடி எழுத்துல. மச்சான் முகமே செத்துப்போச்சு. அப்புறம் தங்கியிருந்த இடத்துல ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுதான் சொல்லுச்சு, 2019-ல இருந்து சட்டம் இருக்கு, 1,000 யூரோவுக்குள்ள மாத்தியிருந்தா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போயி வேண்டாம்னு சொன்னா பணத்தைத் திருப்பிக் குடுத்தாகணும்னு. ரெண்டேகால் மணி நேரம் ஆகியிருந்துச்சு. நாலு பேரும் ஓட்டமும் நடையுமா போனோம், கவுன்டர்ல இருந்த ஆளு ஒரு வார்த்தை பேசல, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு 200 யூரோவை எண்ணிக் குடுத்துட்டான். அதனால ரசீதைக் கசக்கிப் போடாதீங்க. ஏடிஎம்ல எடுத்தாலும் பேங்க் ஏடிஎம்ல எடுங்க, 'உங்க நாட்டுக் கரன்ஸியிலயே கணக்கு போடட்டுமா'ன்னு கேட்கும், வேண்டாம்னு சொல்லி கொரூனாவுலயே எடுங்க, கடையில கார்டு தேய்க்கும்போதும் இதேதான்.

சரி, சார்லஸ் பாலம். பகல்ல போனீங்கன்னா திருவிழாக் கூட்டத்துல தேர் பின்னாடி நடக்கற மாதிரி நடக்கலாம், அவ்வளவுதான். காலைல அஞ்சரைக்குப் போங்க. இந்த அஞ்சரைங்கற கணக்கும் நான் சும்மா சொல்லல. நான்காம் சார்லஸ் மன்னர் இந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினது 1357-ம் வருஷம், 9-ம் தேதி, 7-ம் மாசம், காலை 5 மணி 31 நிமிஷம்னு ஒரு கதை உண்டு. எழுதிப் பாருங்க, 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்குது. ஜோசியர் குறிச்சுக் கொடுத்த முகூர்த்தம்னு சொல்றாங்க. அந்த நிமிஷக் கணக்கு எவ்வளவு நிஜமோ, நல்ல நேரம் பார்த்துதான் வேலையை ஆரம்பிக்கணும்ங்கற புத்தி மட்டும் நமக்குப் புதுசு இல்லையே. இன்னொரு கதை, சுண்ணாம்புக் கலவையில முட்டை சேர்த்தாங்க, அதுக்காக ஊர் ஊரா முட்டை வரவழைச்சாங்க, வெல்வரின்னு ஒரு ஊர்க்காரங்க மட்டும் வழியில உடைஞ்சிடுமேன்னு அவிச்சு அனுப்பிட்டாங்களாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துல கை வச்சுப் பார்த்தவங்களுக்கு முட்டைக்கருப் பூச்சு ஒண்ணும் ஆச்சரியமா இருக்காது, ஆனா அவிச்ச முட்டையை வச்சு என்ன பண்ணாங்கன்னுதான் அப்பா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு.

பாலம் 516 மீட்டர், ரெண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைங்க. நிறைய சிலைங்க நகல்தான், மூலச் சிலையை எடுத்து மியூசியத்துல வச்சுட்டாங்க. எல்லாரும் தொடறது நேபோமுக் யோவான்ங்கற பாதிரியார் சிலையோட பீடத்தை, 1393-ல அரசனோட உத்தரவுல அவரை இந்தப் பாலத்துல இருந்துதான் ஆத்துல தூக்கிப் போட்டாங்க. பீடத்துல இருக்கற வெண்கலப் பட்டையில அந்தக் காட்சி இருக்கும், தொட்டா அதிர்ஷ்டம்னு தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் நம்ம கோயில் கதவுக் குமிழ் மாதிரி பளபளன்னு இருக்கு. இன்னொரு பக்கம் ஒரு நாய் உருவம் இருக்கு, அதையும் தேய்ச்சு மின்ன வச்சிருக்காங்க, நாயைத் தொட்டா என்ன பலன்னு கேட்டா யாருக்கும் தெரியல. விடியற நேரத்துல ஆத்துல பனி படர்ந்திருக்கும், நாலஞ்சு போட்டோகிராஃபருங்களும் கல்யாண ஷூட் எடுக்க வந்த ஒரு ஜோடியும்தான் இருப்பாங்க. சூரியன் பழைய நகரம் பக்கத்துல இருந்து வரும், அதனால கோட்டைப் பக்கம் வெளிச்சம் விழறதைப் பார்க்கணும்னா பழைய நகரக் கோபுரத்துக்கிட்ட நில்லுங்க.

அப்புறம் பழைய நகரச் சதுக்கத்துல கோபுரத்துல இருக்கற வானியல் கடிகாரம், ஓர்லோய்னு சொல்லுவாங்க. 1410-ல வச்சது. காலை 9-ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியடிக்கும், மேல ரெண்டு ஜன்னல் திறந்து 12 அப்போஸ்தலருங்க வரிசையா எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க, கடைசியில ஒரு சேவல் கூவும். மொத்தமே ஒரு நிமிஷம்கூட வராது, 'இதுக்குத்தானா'ன்னு கூட்டமே சொல்லும். எல்லாரும் தலையைத் தூக்கி போனைத் தூக்கி நிக்கறதால பிக்பாக்கெட்டுக்கு அதுதான் முகூர்த்த நேரம், பையை முன்னாடி மாட்டிக்குங்க. என்னைக் கேட்டா மணியடிக்கற நேரத்துல போகவே வேண்டாம், மணி அடிச்சு கூட்டம் கலைஞ்ச அப்புறம் பத்து நிமிஷம் கழிச்சுப் போயி டயலைப் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. ரோமன் எண்ல இப்போதைய நேரம், 24 மணிக்கு. வெளி வளையத்துல இருக்கற தங்க எண்ணு பழைய செக் நேரம், அதுல நாள் தொடங்கறது சூரியன் மறையறப்போ, நமக்கு உதயத்துல இருந்து நாழிகை எண்ணுற மாதிரி அவங்களுக்கு அஸ்தமனத்துல இருந்து. அஸ்தமனம் தினமும் மாறுமே, அதனால அந்த வளையமும் வருஷம் முழுக்க மெதுவா நகர்ந்துட்டே இருக்கும். உள்ள இன்னொரு சின்ன வளையத்துல 12 ராசி. அப்பா அதைக் கண்டுபிடிச்சதும் அசையவே மாட்டேன்னுட்டாரு. சூரியன் முள்ளு கன்னியைத் தாண்டப் போகுது, 'இப்போதான புரட்டாசி பொறந்துச்சு, அதுக்குள்ள எப்படி துலாத்துக்குப் போகுது'ன்னு ஒரே சந்தேகம். அவங்க கணக்கு சாயனம், பகலும் ராத்திரியும் சமமாகற நாளை வச்சு ராசியை எண்ணறது, நம்ம பஞ்சாங்கம் நிராயனம், வானத்து நட்சத்திரத்தை வச்சு எண்ணறது, ரெண்டுக்கும் 24 பாகை வித்தியாசம், அதாவது மூணு வாரத்துக்கு மேல, அதான். இதை அவருக்கு விளக்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த மணி அடிச்சு சேவலும் கூவிடுச்சு. அந்தக் கோபுரத்து மேல ஏறலாம், லிஃப்ட் இருக்கு, முட்டிவலிக்காரங்களுக்கு இந்த ஊர்ல கிடைக்கற அபூர்வமான சலுகை அது. மேல இருந்து டீன் தேவாலயத்தோட ரெட்டைக் கோபுரம் கைக்கெட்டற தூரத்துல தெரியும். கீழ சதுக்கத்துத் தரையில 27 வெள்ளைச் சிலுவை பதிச்சிருப்பாங்க, 1621-ல ஹாப்ஸ்பர்க் ராஜாவை எதிர்த்த 27 பேருக்கு அங்கதான் மரண தண்டனை குடுத்தாங்க, மக்கள் அது மேலயே நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க.

கோட்டைக்கு எல்லாரும் கீழ இருந்து மூச்சு வாங்க ஏறுவாங்க. ஏறாதீங்க, இறங்குங்க. 22-ம் நம்பர் டிராம் பிடிச்சு போஹோர்ஷெலெட்ஸ் ஸ்டாப்ல இறங்கினா மலை மேலயே விட்டுடும். பக்கத்துல ஸ்ட்ராஹோவ் மடத்து நூலகம், வாசல்ல நின்னுதான் எட்டிப் பார்க்க விடுவாங்க, ஆனாலும் பாருங்க. அங்க இருந்து சரிவுலயே நடந்து கோட்டைக்கு வந்து, பார்த்துட்டு, கீழ மாலா ஸ்ட்ரானா வழியா ஆத்தங்கரைக்கு இறங்கிடலாம். கோட்டை வளாகம் காலை ஆறு மணிக்கே திறந்துடும், உள்ள சுத்தறதுக்குக் காசு இல்ல, கட்டடத்துக்குள்ள போகத்தான் டிக்கெட், அது ஒன்பது மணிக்கு. ஒன்பதுக்கு செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் வாசல்ல முதல் ஆளா நில்லுங்க, பத்தரைக்கு வந்தா வரிசை வளைஞ்சு போகும். ஞாயித்துக்கிழமை காலைல பூசை, மத்தியானத்துக்கு மேலதான் டூரிஸ்ட்டை விடுவாங்க. 1344-ல ஆரம்பிச்ச கதீட்ரல் 1929-லதான் முடிஞ்சுது, கிட்டத்தட்ட 600 வருஷம், நடுவுல போரு, பணமில்லன்னு நின்னு நின்னு. பழைய அரண்மனையில ஒரு சாதாரண ஜன்னல் இருக்கு, விட்டுடாதீங்க. 1618-ல அந்த ஜன்னல் வழியாத்தான் ராஜாவோட அதிகாரிங்க ரெண்டு பேரையும் அவங்க எழுத்தரையும் தூக்கி வெளிய வீசினாங்க, அதுல பத்திக்கிட்டதுதான் முப்பதாண்டுப் போர். விழுந்த மூணு பேரும் பிழைச்சுட்டாங்க, தேவதைங்க தாங்கினாங்கன்னு ஒரு கட்சி, கீழ குப்பைமேடு இருந்துச்சுன்னு எதிர்க்கட்சி. தங்கச் சந்துல 22-ம் நம்பர் நீல வீட்டுல காஃப்கா 1916-17-ல உக்காந்து எழுதினாரு, இப்போ புத்தகக் கடை, மூணு பேர் நின்னா நாலாவது ஆளு வெளிய நிக்கணும்.

யூதர் பகுதி யோசஃபோவ்ல பார்க்கற கல்லறைத் தோட்டம், மியூசியம் ஜெபக்கூடமெல்லாம் சனிக்கிழமை மூடியிருக்கும், இதைத் தெரியாம கடைசி நாள்னு சனிக்கிழமையை வச்சுட்டு வருத்தப்படற ஆளுங்களைப் பார்த்தேன். பழைய கல்லறைத் தோட்டத்துல இடமே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கடுக்கா புதைச்சதால 12,000 கல்லும் சாய்ஞ்சு முட்டிக்கிட்டு நிக்குது. பின்காஸ் ஜெபக்கூடத்துல சுவர் முழுக்க நாஜிங்க கொன்ன கிட்டத்தட்ட 80,000 பேரோட பேரு கையால எழுதியிருக்கு. குழந்தைங்களோட போறவங்க மாடியில டெரெசீன் முகாம் பிள்ளைங்க வரைஞ்ச படங்களைக் காட்டறதா வேண்டாமான்னு முன்னாடியே யோசிச்சுக்குங்க. என் மனைவி அங்க இருந்து வெளிய வந்து ரொம்ப நேரம் பேசல, அதுக்கு மேல அன்னைக்கு வேற எதையும் வச்சுக்காதீங்க, ஆத்தங்கரையில உக்காருங்க. பக்கத்துலயே ஆத்தை ஒட்டி ஒரு பெரிய கட்டடம், சார்லஸ் பல்கலைக்கழகத்தோட கலைப்பிரிவு. 1348-ல தொடங்கின பல்கலைக்கழகம் இது. பிராக்ல பிறந்து, இங்க தமிழ் சொல்லிக்கொடுத்த கமில் சுவெலபில்தான் சங்க இலக்கியத்துல இருந்து சித்தர் பாட்டு வரைக்கும் வெளியுலகத்துக்குக் கொண்டு போனதுல முக்கியமானவரு. 1968-ல சோவியத் படை உள்ள வந்த அப்புறம் நாட்டை விட்டே போயி, பிறகு நெதர்லாந்துல பேராசிரியரா இருந்தாரு. கைடு யாரும் சொல்லமாட்டாங்க, நாமளே அந்தப் பக்கம் போறப்போ ஒரு நிமிஷம் நின்னுட்டு வரலாம்.

சாப்பாடு. சதுக்கத்துல பெரிய கம்பியில சுத்திச் சுத்தி பன்றித்தொடை வாட்டிட்டு இருப்பாங்க, விலை போட்டிருக்கறது 100 கிராமுக்கு, ஆனா அவங்க வெட்டறது 400 கிராம், தராசுல வச்ச அப்புறம்தான் விலை தெரியும், முன்னாடியே இவ்வளவுதான்னு சொல்லிடுங்க. ட்ருடெல்னிக்னு சர்க்கரை தடவின குழல் ரொட்டி தெருவுக்கு நாலு கடையில 'பாரம்பரியம்'னு விப்பாங்க, செக்காரங்களைக் கேட்டா சிரிக்கறாங்க, எங்க பாட்டி இதைப் பார்த்ததே இல்லன்னு. உண்மையான சாப்பாடு வேணும்னா வார நாள்ல பகல் பதினொன்றரைக்கு சதுக்கத்தை விட்டு நாலு டிராம் ஸ்டாப் தள்ளிப் போங்க, 'பொலெட்னி மெனு'ன்னு எழுதியிருக்கும், ஆபீஸ்காரங்க சாப்பிடற மதியச் சாப்பாடு, ராத்திரி விலையில பாதிக்குக்கூட கிடைக்கும், ஒன்றரைக்கெல்லாம் தீர்ந்துடும். ஸ்வீச்கோவா மாட்டுக்கறி, மேல க்ரீம் குழம்பு, மாட்டுக்கறி சாப்பிடாதவங்க பார்த்துக்குங்க. சைவக்காரங்க 'பெஸ் மாசா'ன்னு சொல்லணும், கறி இல்லாமன்னு அர்த்தம், ஆனா சூப்புக்கு எலும்புச் சாறு போட்டிருப்பாங்க, தனியா கேட்டுக்குங்க. ஸ்மாஜெனி சீர்னு வறுத்த சீஸ் கட்டி எல்லாக் கடையிலயும் உண்டு, ரெண்டு நாள் நல்லா இருக்கும், மூணாவது நாள் பேரைக் கேட்டாலே வயிறு கனக்கும். அம்மா கையால பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்தவங்க ஓவோட்ஸ்னே க்னெட்லீக்கி கேளுங்க, மாவுக்குள்ள பிளம்மோ ஸ்ட்ராபெர்ரியோ வச்சு வேக வச்சு மேல வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுத் தருவாங்க. சோறு இல்லாம முடியலைன்னா வியட்நாம் கடைக்குப் போங்க, அங்க வியட்நாம்காரங்க நிறைய பேர் பல வருஷமா இருக்காங்க, சோறும் மிளகாயும் நிச்சயம்.

கடையில ஏறும்போது 'டோப்ரி டென்'னு வணக்கம் சொல்லிட்டுப் போங்க, சொல்லாம நேரா 'ஒன் காஃபி'ன்னா முறைப்பாங்க, சொன்னா முகம் கொஞ்சம் இளகும், சிரிப்பெல்லாம் எதிர்பார்க்காதீங்க. பியர் குடிக்கறவங்களுக்கு, மேஜையில ஒரு துண்டுச் சீட்டு வச்சு ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கோடு போடுவாங்க, அந்தச் சீட்டைத் தொலைக்காதீங்க, அதுல எழுதாதீங்க.

டிராம் விஷயம் முக்கியம். வரிக்குதிரைக் கோட்டுல நடந்தா காரு நிக்கும், டிராம் நிக்காது, நிக்கணும்னு சட்டமும் இல்ல, நாமதான் நின்னு வழி விடணும். போனைப் பார்த்துக்கிட்டே தண்டவாளத்துல இறங்கிடாதீங்க. தரையெல்லாம் கல்லு பாவினது, சக்கரப் பெட்டியை இழுத்துட்டு ராத்திரி போனா தெருவே முழிச்சுக்கும், ஹீல்ஸ் போட்டுட்டுப் போன என் மனைவி ரெண்டாவது நாளே ஒரு ஷூ வாங்கினா. ராத்திரி மெட்ரோ நின்ன அப்புறமும் பயப்பட வேண்டாம், 91-ல இருந்து 99 வரைக்கும் நைட் டிராம் ஓடும், எல்லாமே லஸார்ஸ்கா ஸ்டாப்ல சந்திக்கும், அங்க வந்துட்டா எந்தப் பக்கமும் மாறிக்கலாம்.

சாயங்காலத்துக்கு ஒரே ஒரு இடம் சொல்றேன், லெட்னா பூங்கா. மலை மேல, ஆத்தோட வளைவும் பாலங்க ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்குனதும் அங்க இருந்துதான் தெரியும், சதுக்கத்துல கூட்டம் உச்சத்துல இருக்கற அஞ்சு மணிக்கு நீங்க இங்க மரத்தடி பெஞ்சுல உக்காந்திருக்கணும். முன்னாடி அங்க ஸ்டாலினுக்கு மலை மாதிரி ஒரு சிலை வச்சிருந்தாங்க, 1955-ல திறந்து 1962-ல வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. இப்போ அந்த மேடையில ராட்சச சைஸ்ல ஒரு மெட்ரோனோம் நிக்குது, சங்கீதக்காரங்க தாளத்துக்கு வச்சுக்குவாங்களே, அது, முள்ளு இப்படியும் அப்படியும் ஆடணும். நாங்க போனப்போ ஆடல, அசையாம ஒரு பக்கமா சாஞ்சு நின்னுட்டு இருந்துச்சு. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு, அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு, 'ஏழே முக்கால் ஆச்சு, டிராம் எத்தனை மணிக்குப்பா'ன்னாரு.